குடிமை நிர்வாகத்துக்கு இராணுவ உதவி (இந்தியா)

கலவரத்தைக் காவல்துறையால் அடக்க முடியாதபோது, நடுவர் (மாஜிஸ்திரேட்) கேட்டுக்கொண்டதன் பேரில் இராணுவம் உள்நாட்டில் இறங்கும் முறை. வெள்ளம், புயல் மீட்புப் பணிகளும் இதே பெயரில் வழங்கினும் இங்கு சட்டம் ஒழுங்கு மட்டுமே கூறப்படுகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சிப்பாயின் வேலைக்கும் காவலரின் வேலைக்கும் இடையே தெளிவான கோடு இல்லை. சென்னை மாகாணத்தில் 1859-ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1861 போலீஸ் சட்டமும் காவல் படையைத் தனித்துறையாக்கின. கூட்டத்தைக் கலைக்கப் படையை அழைக்கும் நடுவரின் அதிகாரம் 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றது. வரும் படை, கூட்டத்தைக் கலைப்பதற்கு வேண்டிய மிகக் குறைந்த பலத்தையே பயன்படுத்த வேண்டும். ஆளுக்கும் உடைமைக்கும் மிகக் குறைந்த சேதமே நேர வேண்டும். ஏறக்குறைய இதே சொற்கள் 1973 சட்டத்திலும் நின்றன.

இவ்விதி சுக்குநூறான இடம் அமிர்தசரஸ். 1919 ஏப்ரல் 13 மாலை மக்கள் கூடியிருந்த ஜாலியன்வாலா பாகுக்கு ஜெனரல் டயர் சென்றபோது நடுவர் எவரும் உடன் இல்லை. எச்சரிக்கை விடுக்கப்படவில்லை. 50 துப்பாக்கி வீரர்கள் சுமார் பத்து நிமிடத்தில் 1,650 குண்டுகள் சுட்டனர். கொண்டுவந்த இரு கவச வண்டிகள் சந்து குறுகலாக இருந்ததால் வெளியே நின்றன. உள்ளே வர முடிந்திருந்தால் அவற்றின் இயந்திரத் துப்பாக்கிகளையும் அநேகமாகப் பயன்படுத்தியிருப்பேன் என்று பின்னர் விசாரணை நடத்திய ஹன்டர் குழுவிடம் டயர் ஒப்புக்கொண்டார். சுடாமலே கூட்டத்தைக் கலைத்திருக்கலாம் என்பதையும் அவர் மறுக்கவில்லை. இறந்தோர் அரசுக் கணக்கில் 379. காங்கிரஸ் மதிப்பீட்டில் ஆயிரம் அளவில். கூடியிருந்தோரில் வைசாகிக்கு வந்த கிராமத்தார் எத்தனை பேர், கூட்டம் கூடத் தடைவிதித்த உத்தரவை அறிந்து வந்தவர் எத்தனை பேர் என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஊரடங்கு நிலவிய அன்றிரவு, கணவரின் சடலத்தருகே மூங்கில் கழியால் நாய்களை விரட்டியபடி விடியும்வரை உட்கார்ந்திருந்த ரத்தன் தேவியின் வாக்குமூலம் காங்கிரஸ் விசாரணை அறிக்கையில் உள்ளது. டயர் 1920-இல் பதவி விலகச் செய்யப்பட்டார். குற்ற வழக்கு எதுவும் நடக்கவில்லை.

1921 மலபார்க் கிளர்ச்சியின்போது இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மலபார் சிறப்புக் காவல்படை தோன்றியதும் அவ்வாண்டே. பெஷாவரில் 1930 ஏப்ரல் 23 அன்று ஹவில்தார் சந்திர சிங் கர்வாலியும் அவருடைய வீரர்களும் ஆயுதமற்ற கூட்டத்தின்மீது சுட மறுத்தனர். அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை அடக்க வந்த 1942 அவசரச் சட்டம், உயிர் போகும் அளவுக்குப் பலம் பயன்படுத்த ஆணையிடும் அதிகாரத்தைக் கேப்டன் முதலான அதிகாரிகளுக்கு வழங்கியது. நாகா மலைப்பகுதியை முன்னிட்டு 1958-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் அந்த அதிகாரத்தை ஹவில்தார், நாயக் நிலை வரை இறக்கியது. சுதந்திர நாட்டின் சட்டம் அந்நிய ஆட்சியின் சட்டத்தைவிடத் தாராளமாக இருந்தது இங்கு குறிக்கத்தக்கது.

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சென்னை மாநிலத்துக்கும் இராணுவம் வந்தது. அப்போராட்டத்தில் இறந்தோர் சுமார் 70 என்பது அரசுத் தரப்பு. பல மடங்கு கூடுதல் என்போரும் உண்டு.

சிறப்பு அதிகாரச் சட்டம் செல்லும் என உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது. 2004-இல் அமைந்த ஜீவன் ரெட்டி குழு அதை நீக்கப் பரிந்துரைத்தது. திரிபுராவில் 2015-லும் மேகாலயாவில் 2018-லும் அது விலக்கப்பட்டது. கூட்டத்தைக் கலைப்பது பற்றிய பொதுவான விதிகள் 2024 ஜூலை 1 முதல், 1973 சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148 முதல் 151 வரையான பிரிவுகளில் உள்ளன.