போத்தலில் மணி பிளான்ட் வளர்க்கிறீர்களா? தண்ணீரைக் கொஞ்சம் கவனியுங்கள்!

ஒரு கண்ணாடிப் போத்தல், கொஞ்சம் தண்ணீர், பக்கத்து வீட்டு ஆன்ட்டி வெட்டிக் கொடுத்த ஒரு தண்டு. அவ்வளவுதான், மணி பிளான்ட் வளர்ந்துவிடும்.

"இதுக்கு ஒண்ணுமே செய்ய வேணாம்" என்று பலரும் சொல்வதுண்டு. செடியைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மைதான். ஆனால் அது நிற்கும் தண்ணீரை அப்படி விட்டுவிட முடியாது.

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டுக்குள் தேங்கும் சுத்தமான நீரிலும் முட்டையிடும். நம்ம ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 7 நாள் போதும்.

சரி, என்ன செய்யலாம்?

போத்தலில் வளர்ப்போருக்கு:

- ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றுங்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஆலோசனையும் அதுவே.

- தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் போத்தலின் உட்புறத்திலும் வேரிலும் ஒட்டிக்கொள்ளும். காய்ந்துபோனாலும் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். போத்தலை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். வேரையும் அலசுங்கள்.

- அடிக்கடி வெளிநாடு போகிறவரா? செடியை மண் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளும்.

தொட்டியில் வளர்ப்போருக்கு:

- மேல்மண் ஒரு விரற்கணு ஆழத்துக்குக் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். இலை துவண்டால் செடி தண்ணீர் கேட்கிறது. பல இலைகள் மஞ்சளாகிறதா? பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

- தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். இறுகிப்போன மண்ணின் மேலும் நீர் தேங்கும். அவ்வப்போது கிளறிவிடுங்கள்.

- சன்னலோர வெளிச்சம் நல்லது. கடும் வெயில் நேராகப் பட்டால் இலை கருகும். இருட்டு மூலையில் வைத்தால் இலையில் உள்ள மஞ்சள் கோடுகள் மங்கிப்போகும்.

புதிய செடி வேண்டுமா?

தண்டில் இலை முளைக்கும் இடத்தில் சிறிய புடைப்பு ஒன்று இருக்கும். அதுதான் கணு. அதற்குச் சற்றுக் கீழே வெட்டி, கணு தண்ணீருக்குள் மூழ்கும்படி வையுங்கள். வேர் அங்கிருந்துதான் வரும். கணு இல்லாத வெறும் இலை புதிய கொடியாக வளராது.

வீட்டில் சின்னப் பிள்ளை, பூனை இருக்கிறதா?

இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. கடித்தால் வாய் எரியும், வீங்கும், எச்சில் வடியும். கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பதே பாதுகாப்பு. கொடி கீழே தொங்கினால் வெட்டிவிடுங்கள்.

மணி பிளான்ட் வைத்தால் பணம் வரும் என்பார்கள். பணம் வருகிறதோ இல்லையோ, கொசு வராமல் பார்த்துக்கொள்வது நம்ம கையில்தான் இருக்கிறது.