விலங்குச் சீப்பு

நாய், பூனை போன்ற வளர்ப்புப் பிராணிகளுக்குச் சிக்கெடுக்கும் கருவி. எஃகுக் கம்பியை அளவாக நறுக்கி, முனையை மழுக்கி, துளையிட்ட பித்தளை முதுகில் அழுத்திப் பொருத்துவார்கள். பிறகு நிக்கல் அல்லது குரோம் முலாம். பாதிப் பற்கள் நெருக்கமாகவும் மீதி அகலமாகவும் இருப்பது வழக்கம். தெள்ளுப்பூச்சி வாரும் சீப்பு நம் பேன்சீப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1871இல் தொடங்கிய நியூயார்க் ஹாம்பர்க் ரப்பர் நிறுவனம், மனிதத் தலைக்கான சீப்புகளை வேறு வழியில் செய்தது. ரப்பரில் கந்தகத்தை மிகுதியாகக் கலந்து, சூட்டில் மரம்போல இறுகவைத்து, பற்களை ரம்பத்தால் அறுத்து மெருகேற்றுவது அந்த முறை. அச்சில் வார்க்கும் மலிவுப் பிளாஸ்டிக் சீப்பில் பற்களின் ஓரம் பிசிறு தங்கும். அதுதான் முடியை அறுக்கிறது. வாங்குமுன் பற்களை முன்கையில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.