மலாக்காவில் ஒரு தெரு



சகிப்புத்தன்மை என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது என்றே பலரும் எண்ணுகிறோம். லயத்தில் அடுத்த வீட்டுக்காரர் சத்தமாகப் பாட்டு வைத்தால் பொறுத்துக்கொள்கிறோமே, அதுபோல. பிறருடைய வழிபாட்டையும் அப்படிப் பொறுத்தால் போதுமா? மலாக்காவின் வரலாறு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது.

1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியர் கத்தோலிக்கர். பள்ளிவாசலை இடித்த கற்களையும் அரச கல்லறைகளின் கற்களையும் கொண்டு அவர்கள் கோட்டை எழுப்பினார்கள். 1641-இல் அவர்களை வென்ற டச்சுக்காரரும் கிறிஸ்தவர்தாம். ஆனால் வேறு பிரிவினர். கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடக் கூடாது என்று அவர்கள் தடை போட்டார்கள். ஒரே ஏசுநாதரை வணங்குவோர் வீடுகளில் ஒளிந்து தொழ வேண்டியதாயிற்று! பின்னர் தடை தளர்ந்து, 1710-இல் புனித பீட்டர் தேவாலயம் எழுந்தது.

டச்சுக்காரர் மனம் கனிந்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. துறைமுகம் செழிக்க வணிகர் வேண்டும். வணிகர் நிலைக்க அவரவர் கோயில் வேண்டும். சீனரின் செங் ஹூன் தெங் கோயில் அங்கே 17-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர் பள்ளிவாசல் கட்டினர். 1781-இல் தைவநாயகம் செட்டிக்கு டச்சு அரசு கொடுத்த நிலத்தில் பொய்யாத விநாயகர் கோயில் அமைந்தது. மூன்றும் சில எட்டு நடையில், ஒரே நீண்ட தெருவில். இடம் கிடைத்தது ஆதாயக் கணக்கினால்தான். ஆனால் மக்கள் அந்தக் கணக்கோடு நின்றுவிடவில்லை.

அந்தப் பள்ளிவாசலைப் பாருங்கள். கம்போங் கிளிங் பள்ளிவாசல் என்பது அதன் பெயர். (இன்று நம் காதில் சுடும் அந்தச் சொல், அக்காலத்தில் தென்னிந்தியரைக் குறித்த சாதாரணப் பெயர்.) மரத்தால் ஆன அது 1872-இல் செங்கல்லால் திரும்பக் கட்டப்பட்டது. கூரை சுமத்திரா பாணியில் அடுக்கடுக்காக ஏறுகிறது. தூண்கள் ஐரோப்பிய வேலைப்பாடு. பாங்கு சொல்லும் கோபுரமோ சீனப் பகோடாவைப் போல நிற்கிறது. யாரும் கட்டாயப்படுத்தி வந்ததல்ல இது. அண்டை வீட்டானின் கோயிலை முகம் சுளிக்காமல் நின்று பார்த்து, அழகு என்று மனத்தில் வாங்கிக்கொண்டவர்களால்தான் இப்படிக் கட்ட முடியும். தொழுகையோ துளியும் மாறவில்லை.

மலாக்கா செட்டிகளையும் எண்ணிப் பாருங்கள். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா. வணங்குவதோ சிவனையும் விநாயகரையும்.

பள்ளி விடுமுறையில் மலாக்கா போனால் பிள்ளைகளை அந்தக் கோபுரத்தின் அடியில் நிறுத்தி, இது யாருடைய கோயில் என்று கேளுங்கள். அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள்.