வாதியாக வந்த பேய்: பழையனூர் நீலியும் அவையும்

பழையனூர் நீலியின் கதையைப் பெண்ணின் வஞ்சகம் குறித்த எச்சரிக்கையாகவே நெடுங்காலம் வாசித்திருக்கிறோம். நீலிக்கண்ணீர் என்ற வழக்கும் அப்படி நிலைத்ததுதான். ஆனால் நம் பேய்க்கதைகளில் இவள் ஒருத்திதான் ஊரார்முன் நின்று முறையிட்டு, சாட்சி காட்டி, தீர்ப்புப் பெற்று, அந்தத் தீர்ப்பின் துணையோடு கொல்லுமளவுக்குப் போகிறாள். இக்கதையின் மையம் அவைதான் என்பதும், அதைக் கையாண்ட ஒவ்வொரு மரபும் அந்த அவையைத் தனக்கு வேண்டியவாறு அமைத்துக்கொண்டது என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

வழக்கைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தன்னைக் காக்கும் மந்திரவாளோடு பழையனூர் வரும் வணிகனை, கைக்குழந்தையோடு பின்தொடர்கிறாள் நீலி. கைவிட்ட கணவன் என்று அவைமுன் அவனைச் சுட்டுகிறாள். அவன் மறுக்கிறான், இவள் பேய் என்கிறான். குழந்தையை இறக்கிவிட்டதும் அது அவனிடமே போய் அப்பா என்கிறது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? இருவரும் ஓரிடத்தில் தங்கட்டும் என்று முடிவாகிறது. அப்போது நீலி எழுப்பும் ஐயம் நுட்பமானது: வாளால் என்னைக் கொன்றுவிட்டால்? வாளை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் வேளாளர் எழுபதின்மர். வணிகன் கலங்கியதும், உனக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் உயிர் பொறுப்பு என்று வாக்களிக்கிறார்கள். விடிவதற்குள் அவன் பிணம். சொன்ன சொல்லைக் காக்க எழுபதின்மரும் தீக்குழியில் இறங்குகிறார்கள்.

அவை எந்த இடத்திலும் முறை தவறவில்லை. இரு தரப்பும் கேட்டது, சான்று பார்த்தது, நிராயுதபாணியான பெண்ணுக்குக் காப்புத் தேடியது. வணிகனின் ஒரே காப்பைப் பறித்தது இந்த நியாயமே. பேயால் தொடமுடியாத மனிதனை அவள் தொடும்படி செய்துகொடுத்தது ஊர்.

இதைப் பழைய நூல்கள் உணர்ந்திருந்தன என்றே தோன்றுகிறது. ஏழாம் நூற்றாண்டில் திருவாலங்காட்டைப் பாடிய சம்பந்தர், ஒருத்தி வஞ்சித்து உயிர்கொண்டதைக் குறிக்கும்போது உடன் சொல்வது பழையனூரின் அச்சத்தை. எழுபது என்ற எண்ணோ தீக்குழியோ அங்கே இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியாரின் சேக்கிழார் புராணத்துக்கு வரும்போது, சொன்ன சொல் காக்க எழுபது பேரும் தீயில் இறங்கியது வேளாளர் குலத்தின் பெருமைகளில் ஒன்றாகிவிட்டது. சேக்கிழாரும் அக்குலத்தவர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். தீர்ப்புப் பிழைத்ததா என்ற கேள்வி, வாக்குப் பிழைக்கவில்லை என்ற விடையால் மூடப்படுகிறது.

சமணரின் நீலகேசி வேறு வழி போகிறது. உயிர்ப்பலியை நிறுத்திய முனிச்சந்திரர் என்ற துறவியைக் கலைக்க, பாஞ்சால நாட்டுக்கு வரவழைக்கப்படும் பழையனூர் நீலி, அவரிடமே அறம் கேட்டுச் சமணம் தழுவுகிறாள். பிறகு நூல் முழுதும் வாதம்: குண்டலகேசி, மொக்கலன், புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவராக எதிர்கொண்டு வெல்கிறாள். பௌத்தக் குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த நூலுக்குத் தலைவியாக ஒரு பேயை ஏன் தேர்ந்தார் ஆசிரியர்? தமிழ் நிலத்தில் அவையை வென்ற பெண் என்று எல்லாரும் அறிந்திருந்த பெயர் அவளுடையது என்பதே என் ஊகம். அவளது சொல்வன்மையை நூலாசிரியர் அப்படியே வைத்துக்கொண்டு, பொய்யை மட்டும் கழற்றிவிட்டார்.

தென்குமரிப் பகுதியின் வில்லுப்பாட்டு மரபுதான் வழக்கைப் பின்னோக்கித் திறக்கிறது. முற்பிறவியில் அவள் ஒரு கணிகை. நகைக்காக அவளைக் கள்ளிச்செடியின் அடியில் கொன்றவனே மறுபிறவியில் வணிகன். சாகும்போது அவள் சாட்சிக்கு அழைத்தது அந்தக் கள்ளியை. அவைக்கு வந்த குழந்தையும் கள்ளிக் கொம்பிலிருந்து உருவானதுதான்! வேளாளர் கண்ட பொய்ச்சான்று, இந்தப் பாடலைக் கேட்பவருக்கு முதல் கொலையின் ஒரே மெய்ச்சாட்சி. கணவன் என்பது பொய். கடன்பட்டவன் என்பது உண்மை. பழிதீர்த்தவள் இசக்கியாகி, முப்பந்தலில் வழிபாடு பெறுகிறாள்.

இறந்தவளின் முறையீடு அவையை எட்டியது வேறிடத்திலும் உண்டு. 1897இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த கிரீன்பிரையர் கொலை வழக்கில், கணவனே கொன்றான் என்று மகளின் ஆவி வந்து சொன்னதாகத் தாய் கூறினார். உடலைத் தோண்டிப் பார்த்தபோது கழுத்து முறிந்திருந்தது. கணவனுக்கு ஆயுள் தண்டனை. அங்கே இறந்தவளுக்காகப் பேச ஒரு தாய் இருந்தாள். கணிகைக்கு அப்படி யாரும் இல்லாததால் அவளே வாதியாக வர நேர்ந்தது.

முற்பிறவிக் கொலை பிற்காலச் சேர்க்கை என்று ஒதுக்குவோர் உண்டு. இருக்கலாம்; சம்பந்தர் பாடலில் அதற்குச் சுவடில்லை. ஆனால் பிற்காலச் சேர்க்கை என்றால் தீக்குழியும் அதே ஐயத்துக்கு உட்பட்டதுதான். வேளாளர் நினைவு தன் எழுபது பேருக்காக ஒன்றைச் சேர்த்தது என்றால், வில்லுப்பாட்டு செத்தவளுக்காக வேறொன்றைச் சேர்த்தது. முன்னதை வரலாறு என்றும் பின்னதைக் கட்டுக்கதை என்றும் பிரிக்க நமக்கு ஆதாரமில்லை.