வீட்டில் கற்ற 26,963 பேர்: 1822ஆம் ஆண்டுச் சென்னைக் கணக்கும் கணிதக் கல்வியின் ஏற்றத்தாழ்வும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கேட்டு வாங்கிய பள்ளிக் கணக்கை, வரலாற்று ஆய்வாளர் தரம்பாலின் 'தி பியூட்டிஃபுல் ட்ரீ' (1983) நூல் வழியே பலரும் அறிவர். திண்ணைப் பள்ளிகளில் சூத்திரர் என்று குறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளே மிகுதி எனக் காட்டி, பொதுக்கல்வி வெள்ளையர் தந்த கொடை என்ற பேச்சை அவர் தகர்த்தார். அதற்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் அதே தொகுதியில் உள்ள ஓர் எண்ணை அவர் படித்த முறையை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்னைக் கலெக்டர் தந்த அந்த எண் 26,963. வீட்டிலேயே கற்றவர்களின் தொகை அது: ஆண்கள் 26,446, பெண்கள் 517. பள்ளி சென்றவர்களைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. 1826 மார்ச் 10ஆம் நாள் குறிப்பில், இதில் பிழை இருக்கக்கூடும் என்று மன்றோவே ஐயுற்றார். தரம்பாலோ இதைக் கல்விப் பரப்பின் சான்றாகக் கொண்டார். சாதிவாரிப் பிரிவை அவர் பார்க்காமல் இல்லை. சூத்திரரும் பிறரும் பெற்ற பங்கைக் கணிசம் என்றே எடுத்துக்கொண்டார்.

அந்தப் பிரிவில்தான் எனக்கு வழக்கு. சென்னைப் பள்ளிகளில் 5,109 ஆண்பிள்ளைகளில் சூத்திரர் 3,506 பேர். நூற்றுக்கு 68க்கு மேல். வீட்டுக் கல்வியில் அவர்கள் 7,589. நூற்றுக்கு 29கூட இல்லை. பிராமணரும் வைசியரும் பள்ளியில் 1,147, வீட்டில் 13,718. அதாவது பள்ளியில் கால்பங்குக்கும் குறைந்தவர்கள், வீட்டில் பாதிக்கு மேல். மொத்தத் தொகையில் பிழை இருக்கலாம். எல்லாச் சாதியாரையும் அது ஒரே அளவில் தொட்டிருந்தால் இந்த விகிதம் நிற்கும். ஆசிரியர் வைத்துக் கற்பித்த வீடுகளை மட்டும் எண்ணியிருந்தால் விகிதமும் சாயும். இரண்டில் எது நடந்தது என்று அட்டவணை சொல்லவில்லை.

கணிதத்துக்கு இந்த வேறுபாடு முக்கியம். திண்ணையில் மணலில் எழுதி, எண்சுவடியை முறை சொல்லி மனப்பாடம் செய்தார்கள்: 320இல் ஒன்று முந்திரி, 80இல் ஒன்று காணி, 20இல் ஒன்று மா. பாதிரியார் ஆண்ட்ரூ பெல் எழும்பூர் ஆதரவற்றோர் இல்லத்தில் கையாண்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது மணலெழுத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும்தான். முந்திரியும் காணியும் இங்கேயே தங்கின. திண்ணையில் ஒப்பித்த காணியைக் கணக்குப்பிள்ளையின் மகன் மாலையில் அப்பாவின் ஏட்டிலும் பார்த்திருப்பான். மற்றவனுக்கு அது ஓசையாகவே நின்றிருக்கும். இதற்கு நேர்ச்சான்று இல்லை. ஆயினும் மேற்கண்ட விகிதத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குப் புலப்படவில்லை.

இராயபுரத்துப் படகுக்காரரின் மகன் அந்த அட்டவணையின் எந்தப் பத்தியில் வருவான்? துறைமுகம் கட்டப்படும்வரை, தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களின் சரக்கை அலை கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். எத்தனை பொதி, எத்தனை நடை, யாருக்கு என்ன பங்கு என்பது அங்கே அன்றாடக் கணக்கு. அதைக் கற்ற சிறுவன் பள்ளிப் பத்தியிலும் இல்லை, வீட்டுப் பத்தியிலும் இல்லை என்பது என் துணிபு. 'சூத்திரர்', 'பிற சாதியார்' என்ற தலைப்புகள் தொழிலைக் காட்டாததால் இதை அறுதியிட முடியாது.

எத்தனை பேர் பள்ளியில் என்ற எண் கற்றலைக் காட்டாத இதே சிக்கல் இன்றும் தொடர்கிறது. பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பிசாவின் 2009 சுற்றில் தமிழ்நாட்டின் கணித மதிப்பெண் 351. வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஈசிடியின் சராசரி 496. பள்ளிச் சேர்க்கையில் முன்னணியில் இருந்த மாநிலம் இது. பெருந்தொற்றுக்குப் பின் 2021இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், கற்றல் இடைவெளியைக் குறைக்கப் பிள்ளைகளின் தெருவுக்கே போனது. 1822இன் அட்டவணையையும் அப்படி வீட்டை நோக்கிப் படிக்கவேண்டும் என்பதே என் வாதம்: எத்தனை பேர் கற்றார்கள் என்பதோடு, யாருடைய வீட்டில் கணக்கு இருந்தது என்றும் கேட்கவேண்டும். வடசென்னைக் கடற்கரையின் திருவொற்றியூர், எண்ணூர்ப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பார்க்கும்போதும் இதுவே முதற்கேள்வி.