நண்பகல் எது?

பகல் பன்னிரண்டு மணி என்றதும் ஞாயிறு உச்சியில் நிற்பதாகவே நாம் எண்ணுகிறோம். நம் அன்றாட வாழ்வோடு அவ்வெண்ணம் முற்றும் இயைந்துவிட்டமையால் எவரும் அதனை ஆராய்வதில்லை. ஆயினும், நாம் குடியேறி வாழும் இம் மும்பை மாநகரில் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது ஞாயிறு உச்சியை அடைந்திருப்பதில்லை. சராசரியாகக் கணக்கிட்டால், அதற்கு மேலும் ஏறத்தாழ 39 நிமிடங்கள் ஆகவேண்டும். சென்னையில் அவ்வேறுபாடு 9 நிமிடமே. கொல்கத்தாவிலோ உச்சிப்பொழுது பன்னிரண்டுக்கு 23 நிமிடங்கள் முன்னரே வந்து கழிந்துவிடுகிறது. இயற்கையின் நண்பகல் ஒன்று. நாம் இயல்பென்று கொண்ட நண்பகல் மற்றொன்று. இவ்விரண்டும் பிரிந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

பழந்தமிழர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். நாழிகை ஒன்றுக்கு நம் கணக்கில் 24 நிமிடம். பாசறையில் தங்கிய மன்னனுக்கு நீர்க்கலத்தால் பொழுதளந்து கூறுவோர் இருந்தமையை முல்லைப்பாட்டு காட்டுகிறது. ஞாயிற்றை ஒட்டிக் கணித்த காலத்தில் ஊருக்கு ஊர் பொழுது சிறிது வேறுபட்டே இருந்தது. அதனால் எவர்க்கும் இடரில்லை. மாட்டு வண்டியில் செல்வோனுக்கு அடுத்த ஊரின் நண்பகல் இரண்டு நிமிடம் முந்தினால் என்ன, பிந்தினால் என்ன?

புகைவண்டி வந்தபின் இந்நிலை மாறிற்று. 1853இல் பம்பாயிலும் 1856இல் சென்னையிலும் ரயில் ஓடத் தொடங்கியது. இருப்புப்பாதைகள் நீண்டு ஒன்றோடொன்று இணைந்தபோது, ஊருக்கொரு நேரம் வைத்து அட்டவணை வகுத்தல் இயலாதாயிற்று. அப்போது ரயில்வேக்கள் தேர்ந்துகொண்டது சென்னை நேரத்தையே. இதற்குக் காரணங்கள் இரண்டு. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்ட நெடுங்கோட்டில் சென்னை அமைந்திருந்தது ஒன்று. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வு நிலையம் நேரத்தைத் துல்லியமாகக் கணித்துத் தந்தி வழியே அறிவிக்க வல்லதாய் இருந்தது மற்றொன்று. அந்நிலையத்தின் கருங்கல் தூண், தமிழ் எழுத்துப் பொறிப்போடு இன்றும் நுங்கம்பாக்கத்தில் நிற்கிறது.

நம் சென்னை நேரத்தைப் பம்பாய் உவந்து ஏற்றதா? இல்லை. பம்பாயின் நேரம் கிரீனிச் நேரத்துக்கு 4 மணி 51 நிமிடம் முந்தியது. சென்னையினுடையது 5 மணி 21 நிமிடம் முந்தியது. அரை மணி வேறுபாடு. 1881இல் ஆளுநர் பெர்குசன், அரசு அலுவல்களுக்கெல்லாம் சென்னை நேரமே வேண்டும் என ஆணையிட்டபோது நகரம் சினந்தெழுந்தது. பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரக் கடிகாரம் எந்நேரத்தைக் காட்டுவது என்பதே பெரும் வழக்காயிற்று. 1883இல் அவ்வாணை கைவிடப்பட்டது.

1906 சனவரி முதல் நாள், 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்ட இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. மீண்டும் எதிர்ப்பு. கடிகாரம் 39 நிமிடம் முன்தள்ளப்பட்டால், ஆலைத் தொழிலாளி அத்துணை நேரம் முன்னதாக, விடியா இருளில் எழவேண்டும். ஆதலின் ஆலைத் தொழிலாளர் கொதித்தெழுந்தனர். நகராட்சியும் பம்பாய் நேரத்தைக் கைவிடாது போற்றியது. ரயில் நிலையத்தில் ஒரு நேரம், நகராட்சிக் கடிகாரத்தில் வேறொரு நேரம்! போதாக்குறைக்குப் போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, நாடு முழுவதும் கடிகாரத்தை இன்னும் ஒரு மணி முன்தள்ளி வைத்தனர். கல்கத்தா தன் நேரத்தை 1948இல் விட்டது. பம்பாய் 1955இல்தான் விட்டது.

இன்று இந்நகரில் எவரேனும் ‘நம் நேரம் பறிபோயிற்று’ என்று வருந்துவதுண்டோ? அரை நூற்றாண்டுப் பூசலின் சுவடே இல்லை. அன்று இயற்கைக்கு மாறானதென்று பழிக்கப்பட்ட நேரமே இன்று இயல்பாகிவிட்டது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலோ, பொதுநேரத்துக்கு ஒரு மணி முந்திய ‘தோட்ட நேரம்’ வழக்கில் நிலைத்து, அங்குள்ளோர்க்கு அதுவே இயல்பாயிற்று.

நம் இல்லங்களிலும் இதற்குச் சான்றுண்டு. தமிழ் நாட்காட்டியில் திங்கட்கிழமை இராகுகாலம் 7½ முதல் 9 மணி வரை என்று அச்சிட்டிருக்கிறது. ஞாயிறு காலை 6 மணிக்கு எழுந்து மாலை 6 மணிக்கு மறைவதாகக் கொண்டு, பகலை எட்டாகப் பகுத்து, இரண்டாம் பகுதியைக் குறித்த கணக்கு அது. தை மாதத்து மும்பையிலோ ஏழு மணிக்குப் பின்னரே ஞாயிறு எழுகிறது. நாட்காட்டி கூறும் வேளையின் பெரும்பகுதி பகலின் முதற் பகுதியாகவே கழிந்துவிடும். ஆயினும் நாம் ஞாயிற்றைப் பார்ப்பதில்லை, தாளையே பார்க்கிறோம். பழக்கம் கண்ணினும் வலிது.

ஆகவே, இயல்பு என்பது பெரும்பாலும் தோற்றம் மறந்துபோன பழக்கமே. நாள்தோறும் தவறாது அடித்த மணியே அதனை இயல்பாக்கிற்று. இவ்வுண்மை நமக்கு இருவகையில் பயன்படும். இம்மண்ணின் வழக்கங்கள் சில நமக்குப் புதியனவாய்த் தோன்றினால், அவற்றை இயல்பல்லாதன என்று இகழ்தல் பொருந்தாது. அவை நமக்குப் பழகாதவை, அவ்வளவே. இஃது ஒன்று.

மற்றொன்று நம் நெஞ்சைத் தொடுவது. தமிழ் நம் குருதியில் ஊறியது, பிள்ளைகளுக்குத் தானே வரும் என்று நம்மில் பலர் கருதுகிறோம். இங்குப் பிறந்த சிறார்க்கு இந்தியும் மராத்தியும் தடையின்றி வருகின்றன; தமிழோ பாட்டி வரும்போது மட்டும் முயன்று பேசும் மொழியாகி வருகிறது. அவர்கள்மீது குற்றமில்லை. எது நாள்தோறும் செவியில் விழுகிறதோ அது அவர்க்கு இயல்பாகிறது. ஐம்பதாண்டு போராடிக் காத்த பம்பாய் நேரமே, மணியடிப்போர் இன்றி மறைந்தது. ஆண்டுக்கொரு நாள் விழா எடுப்பதும் மலர் வெளியிடுவதும் நன்றே. ஆயினும் அவற்றால் மட்டும் ஒரு மொழி இயல்பாகிவிடாது. உண்ணும்போதும், ஊடும்போதும், பள்ளிக்குப் பிள்ளையை விரைவுபடுத்தும்போதும் வீட்டில் ஒலிக்கும் தமிழே அதனைச் செய்யவல்லது. அவ்வொலி நம் இல்லந்தோறும் நாளும் கேட்பதாகுக!