விலை பேசிய நாளும் ஆவணம் எழுதிய நாளும்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்பது நம் நாட்டுப் பழமொழி. கட்டிய வீட்டை விலைக்கு வாங்கிப் பார் என்றொரு பழமொழி எழவில்லை. முன்னாளில் வீடு என்பது பெரும்பாலும் தந்தை வழியாக வந்ததேயன்றிச் சந்தை வழியாக வந்ததன்று என்பது அதற்குக் காரணமாகலாம். இந்நாளில் அந்நிலை மாறிவிட்டது. நம் அன்பர்களில் வீடு வாங்கினாரும் விற்றாரும் பலராவர். அவரெல்லாம் அறிந்த துன்பம் ஒன்றுண்டு, அது காத்திருத்தல்.

சில ஆண்டுகளுக்கு முன், யான் பணியாற்றும் பள்ளிக்கு அணித்தாகத் தாமிரவருணிக் கரைச் சிற்றூர் ஒன்றில் பழைய ஓட்டுவீடு ஒன்றை விலைக்குக் கொண்டேன். திண்ணையில் அமர்ந்து விலை பேசி முடித்தற்கு அரைமணி நேரமே ஆயிற்று. கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தற்கோ ஏழு திங்கள் ஆயின. அவ்வேழு திங்களும் யான் பொறுமையோடிருந்தேன் என்று சொல்லுதற்கில்லை. மாலைதோறும் வழக்கறிஞர் வாயிலில் நின்று சலித்து, ஒரு நாள், நம் முன்னோர் இத்தொல்லையின்றி எங்ஙனம் வீடும் நிலமும் விற்றனர் என்று பழைய நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். அவர்களும் காத்திருந்தனர் என்பதே யான் கண்டது. ஆயின் அவர்கள் எதற்குக் காத்திருந்தனர் என்பது ஆராயத்தக்கது.

சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் கல்யாணபுரத்தில் வாழ்ந்த விஞ்ஞானேசுவரர் யாஞ்ஞவல்கிய ஸ்மிருதிக்கு இயற்றிய உரை மிதாட்சரம் எனப்படும். நம் நாட்டில் இந்துக்களின் குடும்பச் சொத்து வழக்குகட்கு நெடுங்காலம் அடிப்படையாக நின்றது அவ்வுரையே. நிலம் ஒருவர் கையினின்றும் மற்றொருவர் கைக்கு மாறுதற்கு ஆறு வேண்டும் என்னும் பழைய விதியொன்றை அவர் ஆண்டு எடுத்தாளுகின்றார். ஊரார் இசைவு, சுற்றத்தார் இசைவு, அயலார் இசைவு, தாயத்தார் இசைவு, பொன், நீர் என்பன அவ்வாறும். இதனைக் கண்டவுடன், ஊரார் ஒப்பினாலன்றி ஒருவன் தன் வீட்டை விற்கமாட்டானோ என்று நமக்குத் தோன்றும். உரையாசிரியர் அவ்வாறு கூறவில்லை. ஊரார் இசைவு விற்பனை ஒளிவுமறைவின்றி நிகழ்தற்பொருட்டு வேண்டப்படுவதேயன்றி, அஃதில்லாவிடின் விற்பனை செல்லாதென்பது கருத்தன்று என்கின்றார். அயலார் இசைவு, பின்னர் எல்லைத் தகராறு எழாமைப்பொருட்டு. சுற்றத்தார், தாயத்தார் இசைவு, இவன் பாகம் பிரிந்தவனோ பிரியாதவனோ என்னும் ஐயம் பின்னொருநாள் எழாமைப்பொருட்டு. இவ்விளக்கம் மிகவும் போற்றத்தக்கது. கேட்பது அவர் அனுமதியை அன்று. உனக்கு இதில் உரிமை உண்டாயின் இப்போது சொல் என்பதே அக்கேள்வியின் பொருள்.

எஞ்சிய பொன்னும் நீரும் வேறொரு கதை. நிலத்தை விற்றல் தகாது, கொடுத்தல் தகும் என்பது பழைய கொள்கை. ஆதலின் விற்பனையையும் கொடைபோலப் பொன்னும் நீரும் வார்த்து நிகழ்த்தினர். தாரை வார்த்தான் என்னும் வழக்கு நம் நாவில் இன்றும் வழங்குதல் காண்க. ஏமாந்து இழந்தவனைக் குறித்து அதனை நாம் வழங்குவது காலத்தின் கோலம்.

இதனினும் பழைய கௌடிலீயம் வீட்டு விற்பனையைத் தெருவிற்கே கொண்டுவந்து நிறுத்துகின்றது. விற்கப்படும் மனையை வாங்கும் உரிமை சுற்றத்தார், அயலார், கடன் கொடுத்தார் என்னும் முறையே செல்லும். பின்னர் அவ்வீட்டின் முன்னே அயற்குடியினர் நாற்பதின்மர் கேட்க எல்லையும் விலையும் அறிவித்து, இவ்விலைக்குக் கொள்வார் யார் என்று மும்முறை கூவல் வேண்டும். மறுப்பார் இலராயின் கொள்வான் கொள்ளலாம். போட்டியினால் விலை ஏறுமாயின் ஏறிய பகுதி அரசன் பொக்கிஷத்திற்குரியது என்றும் அந்நூல் விதிக்கின்றது. இவ்விதி இன்று இருந்திருப்பின் விற்பார் பலர் மனம் என்னாகும் என்பதை வாசகர்களே உன்னிக்கொள்வாராக!

தமிழ்நாட்டுக் கல்வெட்டுக்களிலும் இவ்வழக்கின் சுவடு உண்டு. சில விற்பனைச் சாசனங்களில், இந்நிலத்தைக் கொள்வார் உளரோ என்று விற்பவர் முற்கூறியதும், அதனைக் கேட்டுக் கொள்வார் மறுமொழி கொடுத்ததும், இருவரும் தம்முள் இசைந்து விலை வரையறுத்ததும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டுள்ளன. நாற்பால் எல்லையும் விடாது கூறப்படும். அந்நாளிற் செலாவணியிலிருந்த நற்காசு இத்துணை என்று விலை குறிக்கப்படும். விற்றதற்கு ஓர் ஆவணம், பணம் முற்றும் கைக்கொண்டதற்கு ஓர் ஓலை என இரண்டு வேண்டியிருந்தன. விலையாவணம் என்பது முன்னது. பொருட்செலவோலை என்பது பின்னது. இதுவன்றிப் பணம் பெற்றமைக்கு வேறு ஓலை காட்டவேண்டுவதில்லை என்று உறுதி கூறும் வாசகத்தையும் சேர்த்தெழுதினர். ஆவணம் செய்யும் இடத்திற்கு ஆவணக்களரி என்று பெயர். ரிஜிஸ்திரார் கச்சேரி என்று நாம் கூறிவருவதற்கு இதனினும் பொருத்தமான தமிழ்ச்சொல் இல்லை.

மூலபத்திரம் எங்கே என்று கேளாத வழக்கறிஞர் இலர். இச்சொல்லும் நமக்குப் புதிதன்று. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தை நினைவுகூர்க. சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலை. மூலவோலை அம்முதியவரிடமே இருந்தது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் அதனை உடனே ஏற்றுக்கொண்டாரல்லர். பாட்டனாரது கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர். வழக்கை முடித்தற்கு அனுபவ ஆட்சி, எழுத்து, அயலார் சாட்சி என மூன்று வழிகள் அச்சபையில் எண்ணப்பட்டன. கொண்டுவந்தவர் இறைவரேயாயினும் ஓலையைச் சரிபார்த்த நம் சபையாரின் நெஞ்சுறுதியை வியவாமல் இருக்க முடியவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் இம்முறை மாறிற்று. சென்னை மாகாணத்தில் பத்திரங்களைப் பதிதற்கு 1802-ஆம் ஆண்டிலேயே ஒரு விதி ஏற்பட்டது. 1864-ஆம் ஆண்டுச் சட்டம் சிலவகைப் பத்திரங்கட்குப் பதிவைக் கட்டாயமாக்கிற்று. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலமும் வீடும் பதிவு பெற்ற பத்திரத்தாலன்றி விற்கப்படா என்றது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இன்றளவும் நடைமுறையில் உள்ளது. வீட்டு வாயிலில் நின்று மும்முறை கூவியது போய், கச்சேரியில் ஒரு புத்தகத்தில் எழுதி வைத்தல் வந்தது. அப்புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம் என்பது சட்டம். அதிலிருந்து எடுத்துத் தருவதே வில்லங்கச் சான்று. இந்நாளில் வீட்டிலிருந்தபடியே கணினியிலும் அதனைப் பார்த்துக்கொள்கின்றோம்.

இஃது அரிய நன்மையே, ஐயமில்லை. ஆயினும் கூவலுக்கும் புத்தகத்திற்கும் ஒரு வேற்றுமை உளது. கூவல் கேளாதார் செவியிலும் புகும். புத்தகமோ கேட்டார்க்கன்றிப் பேசாது. அன்றியும் எழுதப்பட்டதனையே அது பேசும். பதியாத உயில் அதில் இராது. எழுத்தின்றி மூலபத்திரத்தை ஒப்படைத்துப் பெற்ற கடனும் அதில் இராது. சென்னை முதலிய நகரங்களில் அவ்வகைக் கடனை 1882-ஆம் ஆண்டுச் சட்டமே ஒப்புக்கொண்டது. மூலபத்திரத்தைக் கண்ணாற் காணாமல் முன்பணம் தரலாகாது என்பது இதனாலேயாம். பிறப்பினால் வரும் பங்கும் அதில் இராது. இதனை யான் பட்டறிந்தேன்.

என் நிகழ்ச்சிக்கு வருவேன். விற்க முன்வந்தவர் எழுபதைக் கடந்த பெரியவர். வீட்டுவரி அவர் பெயரில். பட்டா அவர் பெயரில். முப்பதாண்டு வில்லங்கத்தில் ஒரு வரி தானும் இல்லை. மூன்று திங்களில் கிரயம் முடிப்பதென்று ஒப்பந்தம் எழுதி ஓரிலட்சம் முன்பணம் கொடுத்தேன். ஒருநாள் கிணற்றைப் பார்க்கச் சென்றபோது அடுத்த வீட்டுப் பாட்டியார், "வாத்தியாரையா, அவுகளுக்கு ஒரு தங்கச்சி உண்டே, அதுவும் கையெழுத்துப் போடுதா?" என்று கேட்டார். யான் விழித்தேன். அயலார் சாட்சியைப் பற்றி வகுப்பில் எத்துணையோ முறை பாடம் சொன்ன யான், அயலாரை ஒருமுறையேனும் கேட்டேனல்லேன்.

வீடு அப்பெரியவரின் தந்தையார் தாமே ஈட்டியது. அவர் 1974-இல் உயில் எழுதாமல் இறந்தார். தாயாரும் பின்னர் இறந்துவிட்டார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. ஆனால் அதே சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்றிருந்தது. குடும்பத்தார் வாழும் வீட்டை ஆண்மக்கள் தாமாகப் பிரித்துக்கொள்ள முற்படும் வரையிற் பெண்மக்கள் பாகம் கேட்கலாகாது என்பது அது. பங்கு உண்டு, கேட்டல் கூடாது! இப்பிரிவு 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட செய்தியை அவ்வம்மையார்க்குச் சொல்வார் எவருமிலர். பக்கத்து மாவட்டத்தில் மணமுடித்துக் கொடுக்கப்பட்ட அவர், தம் உடன்பிறந்தார் வீட்டை விற்கின்றார் என்பதனையும் அறியார்.

பெரியவர்க்குச் சினம் மிக்கது. சீர்வரிசையோடு கட்டிக் கொடுத்த பின் பங்கேது என்றார். தரகர், வில்லங்கம் சுத்தமாயிருக்கின்றது, முடித்துவிடலாம் என்றார். மறைப்பானேன், அவ்வாறே முடித்துவிடலாமா என்று எனக்கும் ஓரிரவு தோன்றியதுண்டு. வழக்கறிஞரே தடுத்தார், ஒரு கடிதமும் எழுதச் செய்தார். எஞ்சிய பணத்தோடு யான் ஆயத்தமாக உள்ளேன், இருபாலார் கையெழுத்தும் வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம்.

வெறுமனே காத்திருப்பின் வரும் கேட்டிற்கு அவர் காட்டியது மதுரை நகரத்து வீடொன்றைப் பற்றிய வழக்கு. 1978-ஆம் ஆண்டு திசம்பரில் அறுபதினாயிரம் ரூபாய்க்கு விலை பேசி ஐயாயிரம் முன்பணம் பெற்று எழுதிய ஒப்பந்தம் அது. தவணை ஆறு திங்கள். வாங்குவோர் மிச்சப் பணத்தைச் செலுத்த முற்படாமல் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழித்தே அறிவிப்பு அனுப்பினார். அதற்குள் மனைவிலை பன்மடங்கு ஏறிவிட்டது. 1997-இல் உச்ச நீதிமன்றம், அவருக்கு வீட்டை எழுதிக் கொடுக்குமாறு கட்டளையிட மறுத்துவிட்டது. நிலம் வீடு பற்றிய ஒப்பந்தங்களில் தவணை உயிர்நிலையன்று என்பது பழைய கொள்கை. நகரங்களில் விலை ஏறும் வேகத்தைக் கண்டு அக்கொள்கையைத் தளர்த்த வேண்டும் என அந்நீதிமன்றம் கருதிற்று. விற்பனை ஒப்பந்தம் தானாகவே சொத்தில் எவ்வுரிமையையும் தாராது என்று 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு கூறுதலையும் உடன்வைத்து எண்ணுக. காத்திருத்தல் வேறு, வாளாவிருத்தல் வேறு.

அம்மையார் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தம் மக்களோடு கலந்து சொல்ல ஒரு திங்கள் வேண்டும் என்றார். அந்த ஒரு திங்கள் இரண்டாயிற்று. பாதிக்கு உரியவராயினும் மூன்றிலொரு பங்கு போதும் என்றார். ஏன் என்று யான் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம். இரு வரைவோலைகள் எடுத்தேன். பதிவுநாளில் உடன்பிறந்தார் இருவரும் ஒரே விசுப்பலகையின் இரு கோடியில் அமர்ந்திருந்தனர். நிழற்படமும் விரற்பதிவும் எடுக்கும் முறைக்கு 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தந்தது. அம்மையாரின் விரல் வேலை செய்து தேய்ந்திருந்தமையின் கருவி இருமுறை ஏற்கவில்லை. மூன்றாம் முறை ஏற்றது. யான் எண்ணி எண்ணிச் சலித்த காலம் ஏழு திங்கள். அவர் தந்தையார் இறந்ததோ 1974-இல்.

எழுதிய பத்திரத்தை நான்கு திங்களுக்குள் பதிவிற்குக் கொணர்தல் வேண்டும். பதிவு எந்நாளில் நிகழினும் உரிமை எழுதிய நாளினின்றே தொடங்கும். மதிப்புக் குறைவென்று பதிவாளர் கருதினால், 1967-இல் நம் மாநிலம் முத்திரைச் சட்டத்திற் சேர்த்த 47-அ பிரிவின்கீழ் மேலதிகாரிக்கு அனுப்புவார். பதிந்த பின்னும் பத்திரம் கைக்கு வாராமல் நிற்கும் காலமும் இவ்வாறு உண்டு. என் பத்திரத்திற்கு அத்தொல்லை நேரவில்லை.

பட்டா மாற்றத்திற்கு விண்ணப்பம் கொடுத்து, அதுவும் ஒருவாறு முடிந்தது. வீட்டுவரிச் சீட்டு மட்டும் மேலும் ஓராண்டு பெரியவர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. அதனைக் கொண்டுவருபவர் ஒவ்வொரு முறையும் வாயிலில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அடுத்த வீட்டுப் பாட்டியார் திண்ணையிலிருந்தே, இப்போது வாத்தியார் வீடு என்று திருத்துவார்.